தவறணை மூடிய வருடம்

வெள்ளவத்தை
3 பெப்ரவரி 1935

அன்புள்ள அக்கா,

பொங்கலன்று உங்கள் வாசலில் இருந்து திரும்பி வந்த பிறகு நான் அனுப்பும் முதல் கடிதம் இது. இதற்கு முன்னும் எழுதினேன், எழுதிக் கிழித்தேன். கோபத்தில் எழுதினால் அத்தானைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். உங்களுக்கு இடம் இருப்பதில்லை. தபால்காரர் பகலில்தான் வருவார், அந்த நேரம் அத்தான் துறைமுகத்துக் கிட்டங்கியில் வேலையில் இருப்பார் என்ற தைரியத்தில் இதை அனுப்புகிறேன்.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உங்கள் கையைப் பிடித்து "இது என்ன காயம்" என்று கேட்டது என் பிழை. சேலைத் தலைப்பால் நீங்கள் மூடி வைத்திருந்ததை நான் விலக்கியிருக்கக் கூடாது. ஆனால் அத்தான் என்னைப் பார்த்து "இனி இந்த வாசலை மிதிக்க வேண்டாம்" என்று சொன்னபோது நீங்கள் அடுப்பில் இருந்த பானையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என்னை ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

எழுத வந்தது வேறு விஷயம். உங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் சாராயத் தவறணையை மூடுவதா, விடுவதா என்று வாக்கெடுப்பு நடக்கப் போகிறது. மார்ச் பதினாறாம் திகதி, சனிக்கிழமை. நான் சேர்ந்திருக்கும் மதுவிலக்குச் சங்கம்தான் மனுவுக்குக் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தது. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரும் இருக்கிறது. இடாப்பில் உள்ள பத்துப் பேரில் ஆறு பேர் நேரில் வந்து "மூடு" என்று வாக்களித்தால் கடை போய்விடும். வராமல் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் "இருக்கட்டும்" என்று சொன்னதாகவே கணக்கு. அதுதான் எங்களுக்குப் பெரிய இடைஞ்சல்.

சங்கத்தில் பேச வருகிறவர்கள் குடி பாவம் என்று பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. பாவம் என்று சொல்லி ஒருவர் திருந்தியதாக நான் எங்கும் வாசித்ததும் இல்லை, கண்டதும் இல்லை. எனக்குத் தெரிவது சின்ன விஷயம். கடை கிட்ட இருந்தால் ஆள் அடிக்கடி போகிறான். தள்ளி இருந்தால் குறைவாகப் போகிறான். அவன் போகாத நாளில் ஒருத்தி அடி வாங்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள். ஒருவருடைய மனத்தை மாற்ற எங்களால் முடியாது. ஒரு கதவை மூட முடியும்.

வந்து வாக்குப் போடுங்கள், அக்கா. வாக்கு இரகசியமானது. நீங்கள் என்ன போட்டீர்கள் என்று ஒருவருக்கும் தெரிய வராது.

உங்கள்
பத்மாவதி


கொட்டாஞ்சேனை
12 பெப்ரவரி 1935

தங்கச்சி பத்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பானை பொங்கி வழியப் போகிறது என்றுதான் அதைப் பார்த்தேன். நீ எதற்கும் ஒரு அர்த்தம் தேடுவாய். சின்னனில் இருந்தே அப்படித்தான், கறியில் உப்புக் குறைந்தாலும் அம்மாவுக்கு என்ன கவலை என்று கேட்பாய்.

உனக்கு அவரைப் பிடிக்காது, அதனால் உனக்கு எழுதுவது கஷ்டம். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் காய்ச்சலாகக் கிடந்தபோது கிட்டங்கிக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சித் தந்தவர். கட்டிக்கொண்ட புதிதில் பின்னேரங்களில் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்பேன். உலகத்தில் எந்த ராசா எந்த ராசாவோடு சண்டை என்று எல்லாம் எனக்குத் தெரியும்.

டிராமில் இருந்து இறங்கினால் தவறணை வாசலைக் கடக்காமல் எங்கள் வீட்டுக்கு வர வழி இல்லை. தினமும் அவர் அந்த வாசலைக் கடக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் உள்ளே இருந்து "கதிர்காமநாதன், கொஞ்சம் இருந்திட்டுப் போமன்" என்று கூப்பிடுவார்கள். அது எனக்கு இங்கே அடுப்படி வரைக்கும் கேட்கும். அவர் நிற்காமல் வரும் நாள் கிட்டங்கியில் மனஸ்தாபம் இல்லாத நாள். அப்படி எத்தனை நாள் வரும்? அடுத்த நாள் விடிய எழும்பி என் கையைப் பார்த்துவிட்டு, "நேற்று நான் நானாயில்லை, இரத்தினம்" என்பார். நானும் ஓம் என்பேன். அது உண்மைதானே. குடித்த மனிதனும் குடிக்காத மனிதனும் ஒரு ஆளா?

பக்கத்து வீட்டு மாக்ரெட்டிடம் வாக்கெடுப்பு பற்றிச் சொன்னேன். அவள் புருஷன் கப்பலில் இருந்து மூட்டை இறக்குகிறவன், அவனுக்கும் அந்தக் கடைதான். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு இவ்வளவு காலமாகக் கொளுத்தின மெழுகுதிரியை எல்லாம் சேர்த்து அந்தக் கடைக் கூரையில் கொளுத்தியிருந்தால் காரியம் எப்போதோ முடிந்திருக்கும் என்கிறாள்.

தவறணைக் குத்தகைக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் ஒழுங்கைக்குள் வந்து போனார்கள். கடை வேண்டும் என்று வாக்குப் போடும்படி அவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போகாமல் இருந்தால் போதும் என்று ஆண்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். இவரும் தலையாட்டினார். எனக்கு அதைக் கேட்டதில் இருந்து மனம் சரியில்லை.

என்னை விட்டுவிடு. என் ஒரு வாக்கால் என்ன ஆகப் போகிறது.

அக்கா
இரத்தினம்மா


வெள்ளவத்தை
4 மார்ச் 1935

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதில் எனக்கு ஆறுதல் தந்தது ஒன்றே ஒன்று. அத்தான் தவறணை வாசலைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, சங்கத்தில் ஒரு மணித்தியாலம் பேசியவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த வாசல் இல்லாவிட்டால் அவர் பேப்பரும் கையுமாக நேரே உங்களிடம் வந்திருப்பார். அதை நம்பித்தான் நான் இந்த வேலையில் நிற்கிறேன்.

ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகப் போனவர்கள் கொண்டு வந்த செய்தியைப் பார்த்தால் மூடுவதும் மூடாததும் ஒரு சில வாக்குகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒவ்வொரு அக்கா இருந்துகொண்டு "என்னை விட்டுவிடு" என்று எழுதினால் அந்தக் கடை எங்கள் காலத்துக்கும் இருக்கும். பிறகு மாக்ரெட் அக்கா மெழுகுதிரி கொளுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்களுக்குப் பயம் என்றால் அதை நேரே எழுதுங்கள். அத்தான் கஞ்சி காய்ச்சினார் என்று எழுதாதீர்கள். கஞ்சி காய்ச்சிய கையும் அந்தக் கைதான் என்று தெரிந்துகொண்டு எத்தனை நாளைக்கு இப்படி இருப்பீர்கள்? இதை எழுதிவிட்டு அழிக்க நினைத்தேன். அழிக்கவில்லை.

பயப்பட ஒன்றும் இல்லை. சட்டப்படி வாக்கு நாளன்று தவறணை முழுநாளும் பூட்டியிருக்கும். உள்ளே மறைவில் நின்றுதான் சீட்டைப் போடுவீர்கள். நடந்து போவது சங்கடமாக இருக்கும் என்று சங்கச் செயலாளர் சிவபாலனிடம் சொல்லி ஒரு காருக்கு ஒழுங்கு செய்திருக்கிறேன். பத்து மணிபோல உங்கள் வாசலுக்கே வரும். மாக்ரெட் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பத்மாவதி


வெள்ளவத்தை
18 மார்ச் 1935

அக்கா, என் அக்கா,

மூடிவிட்டோம். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய வித்தியாசம். முடிவை வாசித்தபோது எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

வாக்குச் சாவடிக்கு முன்னால் நீங்கள் காரில் இருந்து இறங்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். நீல நிறச் சேலை. கிட்ட வர எனக்கு அனுமதி இல்லை, சங்கத்து ஆட்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். நீங்கள் என் பக்கம் பார்க்கவில்லை. வீதிக்கு மறுபக்கம்தான் பார்த்தீர்கள். பரவாயில்லை. நீங்கள் வந்தீர்கள், எனக்கு அது போதும்.

போன கடிதத்தில் நான் எழுதிய கடுமையான சொற்களை மன்னித்துவிடுங்கள். உடனே இரண்டு வரி எழுதுங்கள்.

பத்மா


வெள்ளவத்தை
2 ஏப்ரல் 1935

அன்புள்ள அக்கா,

இன்னும் உங்கள் கடிதம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு மாமா வீட்டுக்குத் திரும்பியவுடன் தபால் வந்ததா என்றுதான் மாமியிடம் கேட்கிறேன். மாமி இன்றைக்கு நான் கேட்பதற்கு முதலே இல்லை என்று தலையாட்டிவிட்டா. கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். சுகமில்லை என்றால் மாக்ரெட் அக்காவைக் கொண்டாவது எழுதுவியுங்கள். இந்தக் கிழமைக்குள் ஒன்றும் வராவிட்டால், அத்தான் அடித்துத் துரத்தினாலும் சரி, நான் வந்து வாசலில் நிற்பேன்.

பத்மா


கொட்டாஞ்சேனை
9 ஏப்ரல் 1935

பத்மா,

வர வேண்டாம். வராமல் இருப்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இடது காதின் செவிப்பறை கிழிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அந்தக் காது இனிக் கேட்காது. எப்படி நடந்தது என்று கேட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இந்த ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் குளியலறையில் விழுகிறவர்கள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வாக்கு இரகசியம், ஒருவருக்கும் தெரியாது என்று எழுதினாய். நீ எவ்வளவு படித்தவள். உனக்கு இது எப்படி உறைக்காமல் போனது? கடை இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் வீட்டை விட்டு வெளியே வரத் தேவையில்லை. வராமல் இருப்பதே அவனுக்கு வாக்கு. அப்படி என்றால் அன்றைக்கு வந்த ஒவ்வொருத்தியும் மூடச் சொல்லத்தானே வந்தாள்? பெட்டிக்குள் பார்க்க வேண்டியதில்லை. வீதியைப் பார்த்தால் போதும்.

வீதிக்கு மறுபக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. குத்தகைக்காரரின் ஆட்கள் அங்கே வாங்கு போட்டு இருந்துகொண்டு, இறங்கும் பெண்களைப் பார்த்து இன்னார் மனிசி, இன்னார் மனிசி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். ஆண்களுக்கு எல்லாம் தேத்தண்ணி அவர்கள் செலவு. இவரும் அங்கே இருந்தார். நடந்து போயிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பேனோ என்னவோ. நீ அனுப்பின காரின் முன்னால் சங்கத்துக் கொடி. இறங்கும்போதே ஒருவன், "கதிர்காமநாதன், உம்முடைய மனிசி கார் பிடிச்செல்லோ வந்திருக்கிறா உம்மைத் திருத்த" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதுதான் உன் பக்கம் பார்க்கவில்லை.

அவர் எனக்கு முதலே வீட்டுக்கு வந்திருந்தார். "ஊர் பார்க்க என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்" என்றார். மிச்சத்தை எழுத மாட்டேன்.

இன்னொன்று. கடை இன்னும் பூட்டவில்லை, தெரியுமா? உரிமம் ஜூன் முடியும் வரைக்கும் இருக்கிறதாம். ஜூலையில்தான் மூடுவார்கள். நீங்கள் கொடி பிடித்து வென்றது ஜூலை மாதத்தை. இங்கே இன்னும் ஏப்ரல்.

இரத்தினம்மா


வெள்ளவத்தை
12 ஏப்ரல் 1935

அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு என் மேசையில் இருக்கும் புத்தகங்களைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த விதியை நான்தான் உங்களுக்கு எழுதினேன். வராதவர்கள் எல்லோரும் மறுபக்கம் என்று என் கையாலேயே எழுதிவிட்டு, அதே கடிதத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றும் எழுதினேன். குத்தகைக்காரரின் ஆட்கள் வந்து போனதை நீங்கள் எழுதியபோதும் வாசித்துவிட்டு மேலே போய்விட்டேன். உங்களைக் கோழை என்று நினைத்தேன். காரையும் நான்தான் அனுப்பினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே வந்துவிடுங்கள். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "குடிகாரனிட்டை இருந்து பிள்ளையைக் கூட்டி வாறதிலை எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஊர் கேட்டா நான் பதில் சொல்லுறன். வரச் சொல்லு" என்றார். மாமா வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குடியால் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னால் சனத்துக்கு விளங்கும். ரயிலில் வந்து இறங்குங்கள். நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

பத்மா


கொட்டாஞ்சேனை
20 ஏப்ரல் 1935

பத்மா,

அழாதே. கடிதத்தின் மை ஊறிப்போய் வாசிக்கக் கஷ்டப்பட்டேன்.

நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. போகும்போது போகட்டும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. நான் இப்போது வரவில்லை. ஒரு காதைக் கொடுத்து மூடப் போகிற கடை அது. மூடின பிறகு என்ன ஆகிறது என்று பார்க்காமல் வர எனக்கு மனம் இல்லை. அந்த வாசல் இல்லாவிட்டால் அவர் நேரே வீட்டுக்கு வருவார் என்று நீதானே எழுதினாய். அதை நானும் நம்ப வேண்டியிருக்கிறது. நம்பாவிட்டால் இவ்வளவு வருஷமும் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்?

இரத்தினம்மா


வெள்ளவத்தை
29 செப்டெம்பர் 1935

அன்புள்ள அக்கா,

ஜூலையில் கடை மூடிய பிறகு உங்கள் கடிதங்களில் மழையும் மரக்கறி விலையும்தான் இருக்கிறது. கேட்கப் பயமாக இருந்ததால் நானும் மழையைப் பற்றியே எழுதினேன்.

போன ஞாயிறு மாக்ரெட் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளவத்தையில் யாரோ உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் என்னையும் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறார். உங்கள் ஒழுங்கையில் பின்னேரங்களில் பெண்கள் வாசலில் இருந்து கதைக்கிறார்களாம். அத்தான் நேரே வீட்டுக்கு வருகிறாராம், கை நீட்டுவதே இல்லையாம். "உன்ரை அக்காவுக்கு இப்ப ராசாத்தி மாதிரி இருப்பு" என்றார். அவர் போன பிறகு நான் அறைக்குள் போய் அழுதேன். இந்த வருஷத்தில் முதல் தடவையாக வேறு மாதிரியான அழுகை.

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கொட்டாஞ்சேனையைப் பற்றிய அறிக்கையை நான் வாசிக்க வேண்டும். குத்தகைக்காரர் கடையைத் திரும்பத் திறக்கக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார், அதனால் இந்த அறிக்கை முக்கியம். மூடிய பிறகு வீட்டில் அடி நின்றுபோன பெண் ஒருத்தி தன் வாயால் இரண்டு வார்த்தை சொன்னால் பெரிய பலமாக இருக்கும் என்று சிவபாலன் சொல்கிறார். பெயர் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எழுதித் தந்தால் நான் வாசிப்பேன். விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம். இந்த முறை உங்களை நெருக்க மாட்டேன்.

மாமாவும் சந்தோஷமாக இருக்கிறார். இனி இரண்டு பேரையும் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்கிறார்.

பத்மா


கொட்டாஞ்சேனை
8 ஒக்டோபர் 1935

அன்புள்ள பத்மா,

மாக்ரெட் சொன்னது எல்லாம் உண்மை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், பிறகு நான் எழுதுவதை வாசித்துவிட்டு நீ செய்தது வீண் என்று நினைக்கக் கூடாது.

அவள் புருஷன் கடை மூடின முதல் கிழமை தெமட்டகொடைப் பக்கத் தவறணைக்கு நடந்தே போய் வந்தான். அடுத்த கிழமை மழை, பாதி வழியில் திரும்பி வந்தான். இப்போது சம்பள நாளில் மட்டும் போகிறான். மூட்டை தூக்கின உடம்பு, அவ்வளவு தூரம் நடந்து குடித்துவிட்டுத் திரும்பவும் நடந்து வந்தால் என்னத்துக்கு ஆகும்? "கை ஓங்கிறதுக்கு முதல் கண் மூடிப் போகுது" என்று மாக்ரெட் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. வாக்குப் போடப் பயந்து வீட்டில் இருந்தவர்களும் இப்போது நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு எரிச்சல் இல்லை.

இவரும் நேரே வருகிறார். ஜூலைக்குப் பிறகு ஒரு நாளும் கை நீட்டவில்லை. என் காதுக்கு என்று ஜிந்துப்பிட்டி வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்து, தானே சூடாக்கித் தருகிறார். பின்னேரங்களில் பழையபடி பேப்பர் வாசிக்கிறார். வழக்கம் போல எனக்கு இடது பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார். எனக்கு ஒன்றும் தெளிவாகக் கேட்பதில்லை. தலையாட்டிக்கொண்டு மரக்கறி வெட்டுகிறேன். கதிரையை மாற்றிப் போடும்படி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. வாக்கு நாளன்று தவறணை பூட்டியிருந்தது. அன்றைக்கு இவர் ஒரு துளியும் குடிக்கவில்லை, பத்மா. தேத்தண்ணிதான் குடித்திருந்தார். வாயில் மணம் இல்லை, கால் தடுமாறவில்லை. நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். கை மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார், அதன் கண்ணாடி உடையாமல் இருக்க. பிறகுதான் அடித்தார். குடித்து வந்த நாட்களில் அவர் ஒரு நாளும் மணிக்கூட்டைக் கழற்றியது இல்லை.

உனக்கு அப்போது இதை எழுதவில்லை. நீயும் மாமாவும் குடியால் என்று நினைத்தீர்கள், நானும் விட்டுவிட்டேன். எனக்கே அது வேண்டியிருந்தது. எத்தனையோ நாள் அடிகளைச் சாராயத்தின் மேல் போட்டுவிட்டு நான் அவரோடு சீவித்தேன். இந்த ஒரு அடியை எதன் மேல் போடுவது? அதற்கு அடுத்த நாள் காலையிலும் "நான் நானாயில்லை" என்று சொல்வார் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. தோடம்பழம் உரித்துத் தந்தார்.

கடை மூடினது நல்லது. முந்தி அடிக்கடி, இப்போது இல்லை. அது சின்ன விஷயமா? என் உடம்புக்கு அது தெரிகிறது. ஆனால் பார், நான் அழுது கேட்டேன், விரதம் இருந்து கேட்டேன், காலில் விழுந்தும் கேட்டேன். அதற்கெல்லாம் நிற்காத மனிதன், அடுத்த தவறணை தெமட்டகொடையில் இருக்கிறது என்றவுடன் நின்றுவிட்டார். அந்தத் தூரத்துக்கு இருந்த மதிப்பு எனக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அவர் சிரித்துக்கொண்டு வாசலில் ஏறும்போது எனக்கு அதுதான் நினைவு வருகிறது.

இதை நான் வெளியே சொல்ல முடியாது. குத்தகைக்காரரின் ஆட்கள் இப்போதே, அடிக்கிறவன் கடை மூடினாலும் அடிப்பான் என்று சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வாயில் நான் போய் விழ மாட்டேன். மாக்ரெட்டின் நித்திரையை நான் கெடுக்க மாட்டேன். ஆகவே உன் கூட்டத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. மற்றப் பெண்களிடம் கேள், அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கும்.

மாமா ஏப்ரலில் வரச் சொன்னார். அப்போது வந்திருக்க வேண்டும். போன கிழமை அவர் இந்தப் பக்கம் வந்தபோது இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். போகும்போது என் தலையில் கை வைத்து, "இனி உனக்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளை" என்றார். குடிகாரனை விட்டு வருகிறவளுக்கு ஊரில் ஒரு பதில் இருந்தது. திருந்தின மனிதனை விட்டு நான் என்ன காரணம் சொல்லிக்கொண்டு வருவேன்?

அவரே சொல்கிறார், தீபாவளிக்கு உன்னைக் கூப்பிடும்படி. வா. அவரோடு நன்றாகக் கதை. திருந்திவிட்டீர்கள் அத்தான் என்று மட்டும் என் முன்னால் சொல்லாதே. அன்றைக்கு இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னும் ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

அக்கா


வெள்ளவத்தை
21 ஒக்டோபர் 1935

என் அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. எழுதக்கூடிய பதில் ஒன்று முதலில் கைக்கு வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன். உங்கள் ஒழுங்கையில் மற்றப் பெண்கள் சொன்னதையெல்லாம் வாசித்தேன். கை தட்டினார்கள். நான் வாசித்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கடை திரும்பத் திறக்காமல் இருக்க நான் இன்னும் வேலை செய்வேன். ஆனால் கதவை மூடினால் போதும் என்று பெப்ரவரியில் எழுதினேனே, அப்படி எழுதிய அந்தப் பத்மா இப்போது என்னிடம் வந்தால் அவளுக்குச் சொல்ல என்னிடம் வேறு விஷயங்கள் இருக்கின்றன. கூட்டம் முடிந்து சிவபாலன் என்னிடம் வந்து, உங்கள் அக்காவுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்றார். சொல்வதாகச் சொன்னேன். இதோ சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய.

மாமாவிடம் நீங்கள் எழுதியதைச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன், குடிக்காமலும் அடிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்தானே என்று. "அது கோபம். கோபம் ஆருக்கு இல்லை?" என்றார். அத்தோடு மாமாவின் வீடு எனக்கும் முடிந்துபோனது.

பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, கடற்கரை ரயில் பாதை ஓரமாக, பறங்கிப் பெண் ஒருவரின் வீட்டில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். மாமா என்னோடு கதைப்பதில்லை. மாமி பாத்திரங்களைக் கட்டித் தந்துவிட்டுப் பின்வாசலில் நின்று அழுதா. அறை சின்னது. ரயில் போனால் யன்னல் எல்லாம் ஆடுகிறது. கட்டில் இரண்டு போட்டிருக்கிறேன். வீட்டுக்காரி ஏன் இரண்டு என்று கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம்.

தீபாவளிக்கு வருகிறேன். உங்கள் வலது பக்கத்தில் இருப்பேன். அத்தானோடு கதைப்பேன், நீங்கள் சொன்னதைச் சொல்ல மாட்டேன். அவர் பேப்பர் வாசித்தால் கேட்பேன். போகும்போது உங்களை என்னோடு வாருங்கள் என்று கூப்பிடவும் மாட்டேன். ஒரு தடவை உங்களைக் கார் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டேன், அது என் காலத்துக்கும் போதும்.

இதை மட்டும் எழுதி வைக்கிறேன். நீங்கள் வரும் நாள் அடுத்த மாதமாக இருக்கலாம், பத்து வருஷமாக இருக்கலாம், வராமலே போகலாம். வந்தால் என்ன நடந்தது என்று நான் கேட்க மாட்டேன். குடித்தாரா, அடித்தாரா, நல்லவரா, திருந்தினாரா, ஒன்றும் கேட்க மாட்டேன். ஊருக்குச் சொல்லக் காரணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

காரணம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அக்கா.

பத்மா